வெள்ளைச்சாமி நிறுத்திவைத்த விமானம்

புதுக்கோட்டையில் முன்னாள் படைவீரர் கேன்டீன் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. வெள்ளைச்சாமியின் மகன் இளங்கோ பேசினான். "மாமா, அப்பா போயிட்டாங்க" என்றான். காலையில் குளித்துவிட்டு வந்து, ஈரத் துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்தவன், நெஞ்சு என்னவோ செய்கிறது என்று சொல்லியிருக்கிறான். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு முன்னால் நின்றவர் என் முகத்தைப் பார்த்து "என்ன சார்?" என்று கேட்டார். சொன்னேன். வரிசையில் பாதிப் பேருக்கு அவனைத் தெரியும். ஒருவர், "போன தடவ இதே எடத்துல வச்சு என்னோட சண்ட போட்டாரே" என்றார். சண்டை எதற்கு என்று நான் கேட்கவில்லை. வரிசையில் யாராவது குறுக்கே புகுந்தால் வெள்ளைச்சாமி விடமாட்டான்.

அவனோடு வேலை பார்த்தவர்களும், ஓய்வுக்குப் பிறகு அவனை வங்கி வாசலில் காவலராகப் பார்த்துப் பழகியவர்களும் இதைப் படிப்பீர்கள். நான் அவனை 'அவன்' என்று எழுதுவதை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். முதலில் 'அவர்' போட்டுத்தான் எழுதிப் பார்த்தேன். யாரோ முன்பின் தெரியாத பெரிய மனிதருக்கு இரங்கல் எழுதுவதுபோல் இருந்தது. கிழித்துப் போட்டேன். அவன் உயிரோடு இருந்து அதைப் படித்திருந்தால், "யாரு மாப்ள இந்த வெள்ளைச்சாமி, நல்லவரா இருக்காரே?" என்று கேட்டிருப்பான்.

நாங்கள் ஒரே வருடம் விமானப்படையில் சேர்ந்தவர்கள். அவனுக்குக் குடுமியான்மலைக்குப் பக்கத்தில் ஊர். எனக்குத் திருமயம். பயிற்சி முகாமில் சாப்பாட்டுத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒருவன், "கொஞ்சம் அங்கிட்டு நகருங்க" என்றான். ஒரு வாரமாக இந்தியும் இங்கிலீஷும் கேட்டுக் கேட்டுச் செத்துக்கிடந்த காதில் அந்த 'அங்கிட்டு' விழுந்ததும், தட்டை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். "எந்த ஊரு?" என்றேன். சொன்னான். சாயங்காலத்துக்குள் என்னை மாப்ள என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். எந்த முறையில் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

பயிற்சி முடிந்ததும் இருவரையும் வடமேற்கில் பாலைவனத்தை ஒட்டிய ஒரு விமானத் தளத்துக்கு அனுப்பினார்கள். அவனுக்கு ஏர்ஃப்ரேம் பிரிவு. விமானத்தின் உடம்பு, சக்கரம், பிரேக், எண்ணெய்க் குழாய்கள் எல்லாம் அவன் பொறுப்பு. எனக்கு எலக்ட்ரிகல். "கண்ணுக்குத் தெரியாததுக்குச் சம்பளம் வாங்குறவன்டா நீ" என்று என்னைச் சீண்டுவான். "நீ டயருக்குக் காத்தடிக்கத்தானே பட்டாளத்துக்கு வந்த?" என்று நான் திருப்பிக் கொடுப்பேன்.

எங்கள் கையில் இருந்தது பைலட் ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய, ஒற்றை இன்ஜின் போர் விமானம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வானத்தில் ஒரு இரைச்சல். எங்களுக்கு அது முழங்கையில் சிராய்ப்பு, நகக்கண்ணில் கிரீஸ், எத்தனை முறை துவைத்தாலும் சட்டையை விட்டுப் போகாத எரிபொருள் வாடை. கோடையில் அதன் இறக்கையில் கை வைத்தால் தோசைக்கல். தரையிறங்கும்போது வேகத்தைக் குறைக்க வாலிலிருந்து ஒரு பாராசூட் விரியும். ஓடுபாதையின் கோடியில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு விமானம் வந்துவிடும். நாங்கள் போய் வாரிக்கொண்டு வந்து, மணலை உதறி, மடித்து, திரும்ப வாலுக்குள் திணிக்க வேண்டும். வெள்ளைச்சாமி அதன் மேல் முழங்கால் போட்டு உட்கார்ந்து அமுக்கி மடிப்பான். "எங்க வீட்டு வைக்கோலு இதவிட மோசம் மாப்ள, இது பரவாயில்ல" என்பான். உடம்பெல்லாம் வேர்வையாக இருக்கும்போதும் அவனுக்கு இந்தப் பேச்சு நிற்காது.

அவன் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. "பாத்தேன்னு சொல்லாத. தொட்டுப் பாத்தியா, அதச் சொல்லு." இதை அவன் அதிகாரிகளிடம்கூடச் சொல்லியிருக்கிறான். ஒருமுறை நான் ஒரு கேபிளை மாட்டிவிட்டுச் சரியாக இருக்கிறது என்றேன். "தொட்டுப் பாத்தியா?" என்றான். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அது என் பிரிவு வேலை, அவனுக்கு அதில் ஒரு சம்பந்தமும் இல்லை. "நீயே தொட்டுப் பாருடா" என்று கத்தினேன். அவன் நிதானமாக ஏறிப் போய்க் கைவிட்டுப் பார்த்தான். இறுக்கமாகத்தான் இருந்தது. மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு டீ மட்டும் அவன் வாங்கிக் கொடுத்தான்.

விமானம் மேலே போய்விட்டால் எங்களுக்கு வேலை இல்லை. சீட்டாடுவோம், வீட்டுக்குக் கடிதம் எழுதுவோம். அவன் மட்டும் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கட்டையின் மேல் உட்கார்ந்து ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டே இருப்பான். பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. திரும்பி வந்ததும் குனிந்து விமானத்தின் வயிற்றுப் பக்கம் போய்விடுவான். ஒரு பைலட் ஏணியிலிருந்து இறங்கி நின்று, "ஒரு நாளாவது என் முகத்தைப் பார்த்து, நல்லபடியா வந்தீங்களான்னு கேட்டிருக்கியா?" என்று இந்தியில் கேட்டார். வெள்ளைச்சாமி தன் ஓட்டை இந்தியில், "நீங்க நடந்து வாரீங்க சார், ஏதும்னா வாயால சொல்லிருவீங்க. இது சொல்லாதுல்ல" என்றான். அந்த பைலட் அதை மெஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாராம்.

காலையில் வேலை தொடங்கும் முன், அதிகாரி முதல் கடைசி ஆள் வரை தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நின்று, விமானங்கள் நடமாடும் தரையில் குனிந்தபடி நடப்போம். கல், ஆணி, கம்பித் துண்டு, எது கிடந்தாலும் பொறுக்க வேண்டும். ஒரு சின்னத் திருகாணியை இன்ஜின் உறிஞ்சினால் போதும், உள்ளே இருக்கும் தகடுகள் போய்விடும். இந்தப் பழக்கம் அவனுக்கு எலும்பில் ஊறிவிட்டது. லீவில் ஊருக்குப் போனால் தெருவில் கண்டதையெல்லாம் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். அவனுடைய ஆத்தா என்னிடம், "ஏன்யா, எம்மகனுக்குப் பட்டாளத்துல குப்ப பொறுக்குற வேலதானா? உள்ளதச் சொல்லு, நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்று கேட்டது. ஆமாம் ஆத்தா என்றேன். அவன் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

இனி அந்த ஆயுத பூஜைக்கு வருகிறேன். இந்தக் கதையை அவன் உறவினர்கள் ஒரு மாதிரி கேட்டிருப்பீர்கள். முழுவதையும் இப்போதுதான் எழுதுகிறேன்.

தளத்தில் தமிழ்நாட்டுக்காரர்கள் நாங்கள் கொஞ்சம் பேர் இருந்தோம். ஆயுத பூஜையன்று ஒரு விமானத்தைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். அதிகாரிகள் குடும்பத்தோடு வருவார்கள். அந்த வருடம் எலுமிச்சம்பழத்தில் மாலை கட்டிப் போட வேண்டும் என்று ஆசைப்பட்டோம். மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயில் போட்டால் அது பழுதாகும் என்று, பைலட் ஏறும் ஏணியின் மேல்படியில் கட்டினோம். பைலட் உட்காரும் அறையின் கண்ணாடி மூடி திறந்தே இருந்தது. மாலையிலிருந்து ஒரு பழம் பிய்ந்து விழுந்தது. வெள்ளைச்சாமி தையல் ஊசியும் நூலுமாக ஏணியில் ஏறி உட்கார்ந்து, அங்கேயே அதைக் கோத்துக் கட்டினான். பூஜை நடந்தது, சுண்டல் கொடுத்தோம், வந்தவர்கள் போனார்கள். சாமான்களை ஒதுக்கும்போதுதான் அவன் கேட்டான், "மாப்ள, ஊசிய ஒங்கிட்டக் குடுத்தனா?"

கொடுக்கவில்லை. கீழே தேடினோம். அவன் சட்டைக் காலர், பை, மடிப்பு எல்லாம் உதறினான். மாலையில் தொங்கிய பழங்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தோம். இல்லை. "நூலக் கடிச்சு அத்தேன். ஊசிய எங்கிட்டு வச்சேன்னு தெரியலையே" என்றான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஏணிக்கு மேலே பார்த்தோம். திறந்துகிடந்த அந்த அறைக்குள் அது விழுந்திருந்தால், பைலட்டின் இருக்கைக்கு அடியில் போயிருக்கும். அங்கேதான் விமானத்தைத் திருப்பும் தண்டுகளும் கம்பிகளும் ஓடுகின்றன. விமானம் தலைகீழாகப் புரளும்போது கீழே கிடக்கும் சின்னப் பொருளும் மேலே எழும்பும், எங்கே போய்ச் செருகும் என்று சொல்ல முடியாது. அப்படி ஒரு பொருள் தொலைந்தது என்று பதிவாகிவிட்டால் விமானத்தை அசைக்க முடியாது, தொலைத்தவனும் தளத்தை விட்டு நகர முடியாது.

மறுநாள் அவனுக்கு ரயில். ஐப்பசி முதல் முகூர்த்தத்தில் அவனுக்குக் கல்யாணம். பெண் மீனாள், திருமயத்துக்குப் பக்கத்தில் நெல் வியாபாரி பெரியகருப்பனின் மகள். நானும் அதே ரயிலில் லீவில் போவதாக இருந்தது. பக்கத்தில் இருந்த ஒருவன், "பழத்தோட பழமா எங்கயாவது குப்பையில போயிருக்கும். வாய மூடிக்கிட்டு ஊருக்குப் போ, வந்து பாத்துக்கலாம்" என்றான். வெள்ளைச்சாமி கையைத் துடைத்துக்கொண்டு நேரே அதிகாரியிடம் போய், "ஊசியக் காணோம் சார். எங்கிட்டதான் இருந்துச்சு. உள்ள விழுந்துருச்சா, வெளிய விழுந்துருச்சா, தெரியல" என்று சொன்னான்.

அவ்வளவுதான். விமானத்துக்குத் தடை போட்டார்கள். அந்த இருக்கை சாதாரண இருக்கை இல்லை. ஆபத்தில் பைலட்டைத் தூக்கி வெளியே எறிவதற்கு அதற்குள் வெடிமருந்து இருக்கும். ஆயுதப் பிரிவு வந்து அதை முதலில் செயலிழக்கச் செய்து, பிறகுதான் கழற்ற முடியும். பண்டிகை நாளில் ஒரு ஊசிக்காக வீட்டிலிருந்து இழுத்து வரப்பட்டவர்கள் அவனைத் திட்டிய திட்டு இங்கே எழுத முடியாது. தலைமை அதிகாரி, "உனக்குக் கல்யாணமாமே? மற்றவர்கள் தேடட்டும், நான் அனுமதி வாங்கித் தருகிறேன், போ" என்றுகூடச் சொன்னார். இவன் போகவில்லை. "கெடைக்காமப் போனா, தாலி கட்டும்போதும் எனக்கு ஊசிதான் சார் கண்ணுல நிக்கும்" என்றான். வெளியே வந்து என்னிடம், "தந்தியில ஊசின்னு எழுதுனா சிரிப்பாய்ங்க. வர முடியலன்னு மட்டும் அனுப்புறேன். நீ போயி நேர்ல சொல்லு மாப்ள. உள்ளதச் சொல்லு" என்றான். நல்ல வேலை கொடுத்தாய் என்று மனதுக்குள் சபித்துக்கொண்டே ரயில் ஏறினேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் பெண் வீட்டுக்குப் போனேன். பந்தல் போட்டு வாழைமரம் கட்டியிருந்தார்கள். தந்தி வந்திருந்தது. வெள்ளைச்சாமியின் ஆத்தா ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்தது. வடக்கே எவளோ ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்று அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. பெரியகருப்பன் என் சட்டையைப் பிடிக்காத குறையாக, "என்னய்யா காரணம்?" என்றார். விமானம், ஏணி, எலுமிச்சம்பழ மாலை எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பும்படியாக இல்லை. "ஊசியா?" என்றார். "ஊசிதாங்க." அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "ஊசி காணோமாம், அதனால மாப்பிள்ள வரலையாம். பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமாய்யா? தலை தீபாவளிக்கு வேட்டி எடுத்து வச்சிருக்கேனே, அதக் கொண்டுபோயி என்ன செய்ய?" என்று கத்தினார்.

பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். முகூர்த்தம் தவறினால் பெண்ணுக்குக் கெட்ட பேராகிவிடும், அத்தை மகன் இருக்கிறான், நாளைக்கு அதே மணையில் அவனை உட்கார வைத்துவிடலாம் என்று முடிவுக்கு வந்தார்கள். அந்தப் பையனும் சலவை வேட்டியோடு வந்து தயாராக நின்றான். அப்போது மீனாள் உள்ளேயிருந்து வந்தாள். நலங்கு வைத்த மஞ்சள் முகத்தில் காயாமல் இருந்தது. அப்பாவைப் பார்க்கவில்லை, அத்தை மகனையும் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்து, "ஊசி கெடைச்சிருச்சாண்ணே?" என்று கேட்டாள்.

"நான் கெளம்புற வரைக்கும் கெடைக்கலம்மா."

"அப்ப கெடைக்கட்டும்" என்றாள். அப்பா பக்கம் திரும்பி, "கெடைச்ச பெறகு வருவாருப்பா. வேற யாரையும் மணையில ஒக்கார வைக்காதீங்க, நான் வந்து ஒக்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பெரியகருப்பன் கையை ஓங்கிக்கொண்டு பின்னால் போனார். பெண்கள் மறித்தார்கள். சமைத்த சாப்பாட்டை ஊரார் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். எனக்கும் இலை போட்டார்கள்.

தீபாவளிக்கு முன்பே வெள்ளைச்சாமி ஊருக்கு வந்தான். பெண் வீட்டுக்குப் போய்விட்டு நேரே என் வீட்டுக்கு வந்தான். "கெடைச்சிருச்சா?" என்றேன். தலையை ஆட்டினான். எங்கே என்றேன். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

விமானத்தில் இல்லை. இருக்கையைக் கழற்றி, தரைத் தகடுகளைப் பெயர்த்து, காந்தம் வைத்துத் துழாவி, ஒரு மூலை விடாமல் பார்த்தும் அதில் ஒன்றுமே இல்லை. பூஜை முடிந்ததும், தலைமை அதிகாரியின் மனைவிக்குப் பிரசாதம் என்று மாலையிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்துக் கொடுத்திருக்கிறோம். அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அந்த அம்மாள் அதைச் சாமி படத்தின் முன்னால் வைத்திருந்து, வாட ஆரம்பித்த பிறகு சாறு பிழிய நறுக்கியிருக்கிறார். கத்தி எதிலோ தட்டியிருக்கிறது. ஏணியில் உட்கார்ந்து நூலைக் கடிக்கும்போது, ஊசி உள்ளே விழுந்துவிடக் கூடாதே என்ற கவனத்தில் இவன்தான் அதைப் பழத்துக்குள் காது வரை செருகி வைத்திருக்கிறான். செருகியதை மறந்துவிட்டான். அடுத்த வருடத்திலிருந்து அந்தத் தளத்தில் எலுமிச்சம்பழ மாலைக்குத் தடை.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவன் சிரிக்கவில்லை. "மாமாகிட்ட சீட்டுக்கு அடியிலன்னு சொல்லிட்டேன் மாப்ள" என்றான்.

"நீயா பொய் சொன்ன?"

"வாயில வந்துருச்சு. எலுமிச்சம்பழத்துக்காகக் கல்யாணம் நின்னுச்சுன்னா அந்த மனுசன் ஊருக்குள்ள தலை காட்ட முடியுமா? மீனாளு எனக்காக அம்புட்டுப் பேருக்கு முன்னாடி நின்னுருக்கு. ஒண்ணுமில்லாததுக்கு நின்னேன்னு அது நெனைச்சிறக் கூடாது. நீயும் அதையே சொல்லிரு. சத்தியமா?"

சத்தியம் செய்தேன். கார்த்திகையில் ஊர்க் கோவிலில் கல்யாணம் நடந்தது. பெரியகருப்பன் கடைசிக் காலம் வரை, தன் மருமகன் ஒரு பைலட்டின் உயிரைக் காப்பாற்றியவர் என்று மண்டிக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளைச்சாமி ஓய்வு பெற்று வந்து, வங்கியில் காவலர் வேலை பார்த்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து முடித்தான். இந்தக் கதையை யாராவது எடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுவான். என்ன அடக்கம் பாருங்கள் என்பார்கள். எனக்கு மட்டும் தெரியும் அது அடக்கம் இல்லை என்று.

பதினாறாம் நாள் படத்திறப்புக்குப் போனேன். தெருமுனையில் பெரிய பிளக்ஸ். பைலட்டின் தலைக்கவசத்துக்குள் வெள்ளைச்சாமியின் முகம், பின்னால் ஏதோ வெளிநாட்டு விமானம். "என்னடா இது?" என்றேன் இளங்கோவிடம். "கடைக்காரன் போட்டுட்டான் மாமா. நல்லாத்தானே இருக்கு?" என்றான். துக்க வீட்டில் என்ன சண்டை போடுவது? படத்தைத் திறந்த பிறகு இளங்கோவே எழுந்து பேசினான். அப்பா கல்யாணத்தையே விட்டுவிட்டு இருக்கைக்கு அடியிலிருந்து ஊசியை எடுத்த கதையைச் சொன்னான். சொல்லும்போது அழுதுவிட்டான். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு, பாராசூட் மடித்ததையும் குப்பை பொறுக்கியதையும் பேசிவிட்டு இறங்கினேன். பேசும்போது மீனாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு உள்ளே கூப்பிட்டாள். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, அவரப் பத்தி எழுதப் போறீங்களாமே. ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. அந்த ஊசி நெசமாவே சீட்டுக்கு அடியிலதான் கெடந்துச்சா?"

"ஏம்மா இப்பக் கேக்குற?"

"அந்தக் கதைய எடுத்தா, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்னு எந்திரிச்சுப் போவாரு. மாட்ட வித்த பெறகும் போனாரு. கொல்லையில வெறுந்தொட்டிக்கிட்ட நின்னுட்டு வருவாரு. இத்தன வருசம் குடும்பம் நடத்துனவளுக்குத் தெரியாதா?"

சத்தியம் வாங்கியவன் படத்தில் மாலையோடு இருந்தான். அவனிடம் அனுமதி கேட்க வழியில்லை. கேட்கிறவளிடம் அவன் சார்பில் இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இல்லம்மா. ஏரோபிளேன்லயே இல்ல. ஒரு எலுமிச்சம்பழத்துக்குள்ள இருந்துச்சு. அவனே செருகி வச்சுட்டு மறந்துட்டான். தலைமை அதிகாரியோட சம்சாரம் சாறு பிழிய நறுக்கும்போது கெடைச்சுச்சு."

"அந்தம்மா கையில குத்தலையே?" என்றாள். இல்லை என்றேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீட்டில் இரண்டு பேரும் அப்படிச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள்.

"எங்கப்பாகிட்டச் சொன்னாரு, சரி. அவரு போயித்தான் எம்புட்டுக் காலமாச்சு. எங்கிட்டச் சொல்றதுக்கு என்னவாம்?"

"ஒண்ணுமில்லாததுக்கு நின்னோமேன்னு நீ நெனைச்சிருவேன்னு பயந்தாம்மா."

"அன்னிக்குப் பந்தல்ல நான், ஊசி எங்க கெடக்குன்னு பாத்தாண்ணே நின்னேன்?" குரல் உயர்ந்துவிட்டது. கோபம்தான். "காணோம்னு வாயத் தொறந்து சொன்னாருல்ல, அதுக்குத்தானே நின்னேன். இது தெரியாமலே போயிட்டாரே அந்த மனுசன்."

கிளம்பும்போது, "பழத்துக்குள்ளன்னே எழுதுங்கண்ணே. புள்ளைக படிக்கட்டும்" என்றாள். எழுதிவிட்டேன்.

அவனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். அன்று அதிகாரியின் முன்னால் போய் நின்று, ஊசியைக் காணோம் என்று அவன் சொன்னபோது பக்கத்தில் நான் இருந்தேன். குரல் நடுங்கியது. கல்யாணம் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தே சொன்னான்.